மாற்றுத்திறனாளி மாணவர்கள் கல்லூரியிலும் வேலையிலும் தடுமாறும் இடங்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இழையைத் தொடங்கியவர்

மாற்றுத்திறனாளி மாணவர்களைக் கல்லூரிக்கும் வேலைக்கும் தயார்செய்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தன்னம்பிக்கை வாசகங்கள் வேண்டாம், அவை வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. உங்களிடம் வந்த மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள், ஏன், என்ன செய்தால் சரியானது என்பதை மட்டும் எழுதுங்கள்.

திரைவாசிப்பான் பயிற்சியாளர்

பார்வையற்ற மாணவர்கள் வரும்போதே என்விடிஏ (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள்) தெரியும் என்பார்கள். உட்காரவைத்துப் பார்த்தால் அம்புக்குறியை அழுத்தி வரிவரியாக இறங்கிக்கொண்டிருப்பார்கள். பள்ளிப் பாடத்துக்கு அது போதும், 40 பக்க ஆய்வுக்கட்டுரையில் செல்லாது. எச் விசை அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோகும், டி விசை அடுத்த அட்டவணைக்கு. அட்டவணைக்குள் கட்டம் கட்டமாக நகர கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறி. இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் தலைப்புகளும் இணைப்புகளும் பட்டியலாக வரும். விரல் தானாகப் போகிற அளவுக்கு இவை பழக வேண்டும்.

அடுத்த தலைவலி புத்தகம். "பிடிஎஃப் கொடுத்துவிட்டோமே" என்பார்கள், திறந்தால் அது பக்கத்தின் புகைப்படம். கண்ணால் பார்க்கிற ஒருவர் ஏதாவது ஒரு சொல்லை கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் ஓசிஆர்தான் (படத்தில் இருக்கும் எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) வழி. 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், பக்கம் சாயாமல் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் வரிகள் குறுக்கே ஒட்டிக்கொள்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

தமிழ்ப் புத்தகங்களில் கூடுதல் வில்லங்கம் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது திரையில் நல்ல தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் உளறும். ஓசிஆர் செய்வதற்கு முன், யூனிகோடு மாற்றியில் (பழைய எழுத்துருவில் தட்டியதை உண்மையான தமிழ் எழுத்தாக மாற்றும் கருவி) போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும். எப்படியானாலும் ஒரு புத்தகத்துக்கே நாள் கணக்கில் ஆகும். ஆகவே பாடநூல் பட்டியலைச் சேர்க்கை உறுதியான உடனே கேட்டு வாங்குங்கள், வகுப்பு தொடங்கியபின் கேட்டால் முதல் பருவம் கையை விட்டுப் போய்விடும்.

தேர்வுக்கு ஸ்க்ரைப் ஏற்பாடு செய்பவர்

ஸ்க்ரைப், அதாவது மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர், கிடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. "ரூட் எக்ஸ் பிளஸ் ஒன்று" என்று சொன்னால் ஒன்று வர்க்கமூலத்துக்குள்ளேயா வெளியேயா? எழுதுபவர் ஊகிப்பார், மதிப்பெண் போகும். "வர்க்கமூலம், அடைப்பு ஆரம்பம், எக்ஸ் பிளஸ் ஒன்று, அடைப்பு முடிவு" என்று சொல்லப் பழக்குங்கள். பின்னத்துக்கும் அப்படியே: தொகுதி ஆரம்பம், முடிவு, பிறகு பகுதி.

வேதியியலில் கீழ்க்குறி எது, முன்னால் நிற்கும் எண் எது என்பதையும் சொல்ல வேண்டும். கலைச்சொல் வரும்போது எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடுவது நல்லது. ஸ்க்ரைப் அந்தப் பாடம் படிக்காதவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

முழு நீளத் தேர்வு மூன்றையாவது, வேறு வேறு ஆளை உட்காரவைத்து, கூடுதல் நேரத்தோடு எழுதிப் பார்க்க வேண்டும். பழகிய அக்காவோடு மட்டும் எழுதியவர்கள் அன்றைக்குப் புது முகத்தைப் பார்த்ததும் திணறிப்போகிறார்கள். கூடுதல் நேரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: கடைசிப் பதினைந்து நிமிடம் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு. அதையும் பதிலுக்கே செலவழித்தால் பிழை பிழையாகவே நிற்கும்.

காதுகேளாத மாணவர்களின் ஆசிரியர்

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று கல்லூரிகள் நம்பிவிடுகின்றன. "மரம்", "பரம்" இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். விரிவுரையாளர் பலகைப் பக்கம் திரும்பினாலோ, ஜன்னலுக்கு முன்னால் நின்று முகம் இருட்டானாலோ அதுவும் போச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட வகுப்புக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும், ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்ள. தனி ஆளாகச் செய்தால் களைப்பில் வாக்கியங்கள் விழுந்துவிடும், விழுந்தது மாணவருக்குத் தெரியவே தெரியாது. பாடத்தின் கலைச்சொற்களை முந்தின வாரமே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, எதற்கு என்ன சைகை என்று மாணவரோடு பேசி முடிவுசெய்துகொள்ளட்டும்.

தானியங்கி வசன வரிகள் பேச்சுக்குப் பரவாயில்லை. கலைச்சொல்லில்தான் சறுக்கும், அதாவது தேவைப்படுகிற இடத்தில்.

வளாக அணுகல் பார்ப்பவர்

சக்கர நாற்காலி மாணவர்களுக்குச் சுருக்கமாக: கல்லூரியைப் பார்க்க விடுமுறையில் போகாதீர்கள். வகுப்பு மாறும் நேரத்தில், சொந்த நாற்காலியோடு போங்கள். கதவு திறந்த நிலையில் 80 செ.மீ. வழியாவது இருக்க வேண்டும். சாய்தளம் 1:12. 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் என்று கணக்கு. லிஃப்ட் பழுதானால் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இராது, கேட்டபின்தான் யோசிப்பார்கள்.

ஒரு பெற்றோர்

மகளுக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. பள்ளியில் எல்லாம் நாங்களே பேசிவிட்டோம். கல்லூரியிலும் நானே போய்ச் சொல்லலாமா?

கற்றல் குறைபாடு ஆலோசகர்

பக்கத்தில் இருங்கள், ஆனால் மின்னஞ்சல் அவள் பெயரில் போகட்டும். பள்ளியில் ஆசிரியர் கண்டுபிடித்துக் கொடுப்பார், கல்லூரியில் கேட்டால்தான் கிடைக்கும். முடிந்துபோன தேர்வுக்குப் பின்தேதியிட்டுச் சலுகை தருவது அரிது. அதிகம் எழுத வேண்டாம்: "படித்துப் புரிந்துகொள்ள எனக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. கேட்டால் உடனே புரியும். வினாத்தாளைக் கணினி வாசித்துக் காட்டவும் கூடுதல் நேரத்துக்கும் ஏற்பாடு வேண்டும், பள்ளியில் இவை பயன்பட்டன." இதை அவள் வாயாலும் சொல்லிப் பழகட்டும்.

பழைய மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். குழந்தைப் பருவத்து அறிக்கையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. புதிதாக எடுக்கும்போது குறைபாட்டின் பெயரோடு நின்றுவிடாமல், வாசிப்பு வேகம் எவ்வளவு, எந்த வேலை தடைப்படுகிறது, அதற்கு எந்த ஏற்பாடு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த மூன்றும் இல்லாத அறிக்கையை வைத்து அலுவலகம் எதையும் முடிவுசெய்ய முடியாது.

வேலைவாய்ப்புப் பயிற்றுநர்

ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006) 24ஆம் உறுப்பில் கல்விக்கும் 27ஆம் உறுப்பில் வேலைக்கும் நியாயமான ஏற்பாடுகளைச் சொல்கிறது. கல்லூரியில் கேட்கப் பழகியவர்களுக்கு வேலையில் கேட்பது எளிது. நேர்முகத்துக்கு ஏற்பாடு தேவையென்றால் அழைப்பு வந்த உடனே சொல்லிவிட வேண்டும். நோயின் வரலாறு தேவையில்லை. இணையவழித் தேர்வு என்றால் மாதிரித் தேர்வின் இணைப்பைக் கேளுங்கள். சுட்டியால் விடையை இழுத்துப் பொருத்தும் கேள்விகளும் படத்தைப் பார்த்துத் தட்டவேண்டிய குறியீடுகளும் திரைவாசிப்பானை அங்கேயே நிறுத்திவிடும். சேருமுன் அலுவலக மென்பொருள்களின் பட்டியலையும் கேட்டுச் சோதியுங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு முறை வேறு. வேலையைச் சிறு சிறு படிகளாக உடைத்து, எந்தப் படியில் பிழை வருகிறது என்று நாள்தோறும் குறித்துவையுங்கள். முழு வேலையையும் மறுபடி மறுபடி சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை, அந்த ஒரு படிக்குப் படஅட்டை வையுங்கள். துணைப் பயிற்றுநர் முதலில் வாயால் சொல்வார், பிறகு கையால் காட்டுவார், பிறகு அட்டையை மட்டும் தொட்டுக் காட்டுவார், பிறகு தள்ளி நிற்பார். எப்போது எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் அவர் பக்கத்திலேயே நிற்பார், அவர் லீவு போட்ட அன்று வேலை நின்றுபோகும்.