"எழுதப் பழக்கவில்லை" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்கிறீர்கள்?

படுவான்கரை டீச்சர்:
கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளோடு இருக்கிற நேரம் சந்தோஷமாகத்தான் போகிறது. பதினொன்றரைக்குப் பெற்றோர் படலைக்கு வந்ததும் அது கலைந்துவிடும். "பக்கத்து ஊரில அ, ஆ எழுதுதுகள், இங்க மண்ணில விளையாடுதுகள்" என்கிறார்கள். மண்ணில் கீறுவதும் புளியங்கொட்டை எண்ணுவதும் எதற்கென்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டவுடன் வாயடைத்துப் போகிறேன். தைரியமாக நிற்கிறவர்கள் எப்படி நிற்கிறீர்கள்?

களுவாஞ்சிகுடி அக்கா:
தங்கச்சி, நான் சொல்லிச் சொல்லிக் களைத்த பிறகுதான் காட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு பிள்ளையும் கீறிய படத்தைத் திகதி போட்டு எடுத்து வைப்பேன். கொப்பி எங்கே என்று தினமும் கேட்ட அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய மகன் தொடக்கத்தில் பென்சிலை முழுக்கையால் பொத்திப் பிடிப்பான், வட்டம் கீறினால் மூடாது. களிமண் உருட்டி, விதை பொறுக்கி, உடுப்புக் கிளிப் மாட்டி விரல் உறுதியானதும் வட்டம் மூடியது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, "வட்டம் மூடாத கை 'அ'வின் சுழியை எப்படி எழுதும்?" என்று கேட்டேன். தகப்பனுக்குக் காட்ட வேண்டும் என்று தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்று எனக்கு வந்த தெம்பு எந்தச் சான்றிதழும் தந்ததில்லை.

டிப்ளோமா மாணவி, மட்டக்களப்பு:
அக்கா சொல்வதைத்தான் அல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதினார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று, தானே செய்து கண்ட வெற்றி. அடுத்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. நம்மில் பலர் இன்னொருவரின் வகுப்பைப் பார்த்ததே இல்லை, அதுதான் பெரிய குறை.

அக்கரைப்பற்று:
எல்லாம் சரி. ஆனால் ஆட்டோக் காசுக்கும் காணாத கொடுப்பனவை வைத்துக்கொண்டு, டீச்சரின் மனம் மட்டும் தெம்பாக இருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. வகுப்பில் வருகிற சந்தோஷம் உண்மைதான், வீட்டுக்கு வந்தால் அரிசி விலை இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் படங்களைக் காட்டுகிற அன்றே கட்டணத்தைப் பற்றியும் கதையுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

படுவான்கரை டீச்சர்:
படங்களை இந்த வாரமே சேர்க்கத் தொடங்குகிறேன். அக்கா, உங்கள் வகுப்பை ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

களுவாஞ்சிகுடி அக்கா:
தாராளமாக. அம்பிளாந்துறையில் வாவியைக் கடக்கிற பாதைப் படகில் ஏறி குருக்கள்மடத்துக்கு வந்தால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. எட்டரைக்கு முன் வாருங்கள், பிள்ளைகள் வந்து சேரும் நேரத்தையும் பார்க்க வேண்டும்.