பரிந்துரைக் கடிதமும் சுயகட்டுரையும்: மலையகத்திலிருந்து சென்றிருக்கும் பிள்ளைகளுக்கு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் பல ஆண்டுகளாக உயர்தர வகுப்புகளுக்குக் கற்பித்து வருகிறேன். குடும்பத்தோடு அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் கனடாவுக்கும் சென்ற பழைய மாணவர்கள், அங்கே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் வேளையில், “டீச்சர், ஒரு நற்சான்றிதழ் அனுப்பிவிடுங்கள்” என்று எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது நற்சான்றிதழ் அன்று, பரிந்துரைக் கடிதம் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கி வந்ததால், இங்கே எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் (பாடங்களுக்கிடையே ஒப்பிடத்தக்கதாகச் சீராக்கிய புள்ளி) மாவட்டமும்தான் பெரும்பாலான அனுமதிகளைத் தீர்மானிக்கின்றன. ‘நீ யார்’ என்று எந்தப் பல்கலைக்கழகமும் பிள்ளையைக் கேட்பதில்லை. ஆகவே, அதிபர் முத்திரையிட்டுத் தரும் “ஒழுக்கமானவர், நன்னடத்தை உடையவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்” என்ற மூன்று வரிகளே கடிதம் என்று நாம் பழகிவிட்டோம். அந்த வரிகளை எந்தப் பிள்ளைக்கும் எழுதலாம் என்பதால், அவை வெளிநாட்டு அனுமதிக் குழுவுக்கு எதையும் சொல்வதில்லை. வகுப்பில் அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது, எப்படி மீண்டது, என்ன கேள்வி கேட்டது என்பதைக் கண்ணால் கண்ட ஆசிரியரின் கடிதமே அவர்களுக்கு வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கத் தலைவர், சமாதான நீதவான், கோயில் தர்மகர்த்தா ஆகியோரிடம் கடிதம் வாங்க அலைய வேண்டாம். உங்கள் கணக்குப் பாடத்தை இரண்டு ஆண்டு பார்த்த ஆசிரியரின் ஒரு பக்கத்துக்கு இருக்கும் பெறுமதி அவற்றுக்கு இல்லை.

ஆசிரியருக்கு நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு. ஆண்டுக்கு நூறு பிள்ளைகளைக் காணும் நமக்கு முகம் நினைவிருக்கும், சம்பவம் மறந்திருக்கும். எந்த ஆண்டில் படித்தீர்கள், எந்த ஒப்படையை எப்படிச் செய்தீர்கள், எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஆசிரியரைத் தமிழிலேயே எழுதச் சொல்லி, பாடசாலையின் ஆங்கில ஆசிரியரைக் கொண்டு மொழிபெயர்த்து இரண்டையும் இணைக்கக் கேட்கலாம். அந்த மொழிபெயர்ப்பை நீங்களோ உங்கள் உறவினரோ செய்யக் கூடாது. பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் அமெரிக்காவின் காமன் ஆப் விண்ணப்பத்தில், கடிதத்தைப் பின்னர் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்வி வரும். விட்டுக்கொடுப்பதே நல்லது, ஏனெனில் ஆசிரியர் மனந்திறந்து எழுதிய கடிதம் என்று படிப்பவர் நம்புவார்.

இனி, விண்ணப்பிப்பவர் தன்னைப் பற்றி எழுதும் சுயகட்டுரை. காமன் ஆப் கட்டுரை 250 முதல் 650 சொற்களுக்குள் அமைய வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மேற்படாமல் பதில் கேட்கிறது. பிரித்தானியாவில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் பொது அமைப்பான யூகாஸ், 2026 அனுமதியிலிருந்து, மூன்று கேள்விகளாகப் பிரித்து மொத்தம் 4,000 எழுத்துகளை அனுமதிக்கிறது. அங்கே எதிர்பார்க்கப்படுவது வாழ்க்கைக் கதையைவிட, தெரிவு செய்த பாடத்தின் மீதான ஈடுபாடும் அதற்கான ஆயத்தமும். ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்கு அப்படியே ஒட்டினால் இரண்டும் கெடும்.

நம் பிள்ளைகள் முதலில் எழுதும் கட்டுரை எனக்கு மனப்பாடம்: தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயன் அறை, மழையில் ஒழுகும் தகரம், அதிகாலையில் ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் அம்மா, அட்டைக்கடி. அத்தனையும் உண்மை, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்து முடிப்பவருக்கு அம்மாவைத் தெரிந்திருக்கும், விண்ணப்பித்த பிள்ளையைத் தெரிந்திருக்காது. என் மாணவி ஒருத்தி அப்படித்தான் முதலில் எழுதினாள். பேசிக்கொண்டிருந்தபோது, பதினான்கு வயதில் அம்மாவின் கொழுந்து நிறுவையை நாள்தோறும் ஒரு கொப்பியில் குறித்து, மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு, இரண்டு நாட்களுக்கு அரைப்பேர் தவறாகப் போடப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். அதுதான் அவளுடைய கட்டுரை என்று சொன்னேன். குறித்த கிலோ எடுக்காத நாளுக்குப் பாதிச் சம்பளம் என்பதே அரைப்பேர் என்று ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டு, மீதி முழுவதையும் அந்தக் கொப்பிக்கும், எண்கள் மீது தனக்கு வந்த பிடிப்புக்கும், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்கத் தயங்கிய அந்த ஒரு வாரத்துக்கும் கொடுத்தாள். புள்ளிவிவரவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

பணம் வாங்கிக்கொண்டு கட்டுரையை எழுதித் தருவதாகச் சொல்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அந்தக் கொப்பி அவர்களிடம் இருக்காது.

பெயரில் கவனம் தேவை. தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும், கடவுச்சீட்டில் வேறோர் எழுத்தும் இருப்பது நம்மிடையே சாதாரணம். விண்ணப்பத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே ஆசிரியருக்கும் அனுப்புங்கள், முதலெழுத்தின் விரிவு உட்பட.

கடைசியாகக் காலம். அமெரிக்காவின் முன்கூட்டிய விண்ணப்பங்கள் பலவற்றுக்கு நவம்பர் 1 இறுதி நாள்; ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு யூகாஸில் ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும். ஆகவே செப்டம்பர் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். கடிதத்தை அனுப்புவதற்கான இணையத் தொடுப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்ததா என்று தொலைபேசியில் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள், ஏனெனில் எங்களில் பலர் மின்னஞ்சலைத் தினமும் திறந்து பார்ப்பதில்லை.