ஏழு வருடத்தில் ஏழு கார்: ஆஸ்டன் மார்ட்டின் திட்டம் எங்கே சறுக்கியது?

கணக்குப்பிள்ளை:
இங்கிலாந்தின் சொகுசு கார் கம்பெனியான ஆஸ்டன் மார்ட்டினில் ஆண்டி பால்மர் தலைவராக இருந்தபோது ஏழு வருடத்தில் ஏழு கார் என்று திட்டம் போட்டார்களே, அதைப் பற்றித்தான் கேட்கிறேன். 2016இல் டிபி11, 2018இல் புது வான்டேஜும் டிபிஎஸ்ஸும், அப்புறம் டிபிஎக்ஸ் எஸ்யூவி, அதன்பின் நடுவில் என்ஜின் வைத்த கார், கடைசியில் லகோண்டா என்ற அவர்களுடைய இன்னொரு பிராண்டு பெயரில் இரண்டு. 2018 அக்டோபரில் கம்பெனியின் பங்கு ஒன்று 19 பவுண்டுக்குச் சந்தைக்கு வந்தது, 2020 மே மாதம் பால்மரே வெளியே. காகிதத்தில் நன்றாகத்தானே இருந்தது?

பழைய டீசல்:
அடிப்படை தப்பில்லை. ஒரு மாடலுக்கு ஆயுள் ஏழு வருடம் என்று வைத்தால், ஏழு மாடல் இருக்கும்போது வருடத்துக்கு ஒன்று புதிதாக வரும், எட்டாவது வருடம் முதல் காருக்கே திரும்பலாம். பொறியாளர்கள் சும்மா உட்காரும் காலமே இருக்காது, டீலரிடமும் ஆண்டுதோறும் காட்ட ஒன்று இருக்கும். டிபி9ஐயே 2004இலிருந்து 2016 வரை ஓட்டியவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் முதல் இரண்டு மூன்று கார் விற்ற காசில்தான் அடுத்தது பிறக்க வேண்டும். வான்டேஜ் எதிர்பார்த்த அளவு போகவில்லை, 2019 ஜூலையில் விற்பனை இலக்கைக் குறைத்தார்கள், அதே நேரம் வேல்ஸில் செயின்ட் ஆத்தனில் பழைய விமானப்படைக் கொட்டகைகளைத் தொழிற்சாலையாக்கப் பணம் போய்க்கொண்டே இருந்தது.

மலைப்பாதை:
எனக்கு வரிசைதான் இடிக்கிறது. எஸ்யூவியை முதலில் விட்டிருக்க வேண்டும். 2002இல் போர்ஷே கயேன் எஸ்யூவியை விட்டபோது ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள், ஆனால் கல்லாவை நிரப்பியது அதுதான். டிபிஎக்ஸின் முன்மாதிரியை 2015இலேயே ஜெனீவாவில் காட்டிவிட்டு அசல் வண்டியை 2019 நவம்பரில் காட்டினார்கள், வாங்கியவர் கைக்கு வந்தது 2020இல், அதுவும் கொரோனாவுக்கு நடுவே! அதற்குள் பென்ட்லி பென்டெய்கா, லம்போர்கினி உரூஸ், ரோல்ஸ் ராய்ஸ் கல்லினன் எல்லாம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

பழைய டீசல்:
@மலைப்பாதை, முதலில் விட எதை வைத்துச் செய்வார்கள்? கயேன் பிறந்ததே ஃபோக்ஸ்வாகன் டூவரெக்கோடு ஒரே அடித்தளத்தில், அதாவது காரின் அடிக்கட்டமைப்பில். பென்டெய்காவும் உரூஸும் ஆடி க்யூ7க்கு உறவு. ஆஸ்டனை ஃபோர்டு 2007இல் விற்றுவிட்ட பிறகு அதற்கு அப்படி அண்ணன் தம்பி கம்பெனி கிடையாது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி வி8 என்ஜினும் மின்னணுச் சமாச்சாரமும் தந்தது, டிபிஎக்ஸின் அடித்தளத்தை இவர்களே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. டிபி11, வான்டேஜ், டிபிஎஸ் மூன்றுக்கும் அலுமினியக் கட்டமைப்பு ஒன்றேதான் என்பதால் அவை முன்னால் வந்தன. என் குறை வேறு: கையில் காசில்லாத நேரத்தில் நீர்மூழ்கிக் கப்பல், மயாமியில் அடுக்குமாடி, பைக் என்று ஆஸ்டன் பெயரை ஒட்டிக்கொண்டே போனார்கள்.

சின்னச்சக்கரம்:
சிக்னெட்டை மறந்துவிட்டீர்களே! 2011இல் டொயோட்டா ஐக்யூவுக்கு ஆஸ்டன் முகம் மாட்டி விற்றார்கள், ஐரோப்பாவில் கம்பெனி விற்கும் கார்களின் சராசரிப் புகைக் கணக்கைக் குறைக்க. 2013இல் மூடிவிட்டார்கள். அடித்தளத்தைக் கடன் வாங்கினால் மட்டும் கார் ஓடிவிடாது.

கணக்குப்பிள்ளை:
நன்றி. லகோண்டா என்ன ஆனது?

பழைய டீசல்:
2020 ஜனவரியில் லாரன்ஸ் ஸ்ட்ரோல் குழு 182 மில்லியன் பவுண்டோடு வந்தது. அந்த அறிவிப்பிலேயே லகோண்டா 2025க்கு முன் வராது என்று தள்ளிவிட்டார்கள், ராபிட் காரின் மின்சார வடிவமும் அத்தோடு நின்றது.