வாய்ச்சொல் போதுமா, கையெழுத்து வேண்டுமா? சஃபோக் வயலில் மெட்டல் டிடெக்டர்

இளங்கோ_இப்ஸ்விச்

வணக்கம். இங்கிலாந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. மண்ணுக்குள் கிடக்கும் பழைய காசு, பொருள்களைத் தேடலாம் என்று போன மாதம்தான் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். வீட்டிலிருந்து நாலு மைலில் ஒரு பண்ணை. அங்குள்ள விவசாயியிடம் வேலியோரம் நின்று பேசினேன். "கோதுமை அறுத்தாகிவிட்டது, அடுத்த விதைப்பு வரைக்கும் தாராளமாகப் போய்ப் பார்" என்றார். அவ்வளவுதான், காகிதம் எதுவும் இல்லை. "எழுதி வாங்காமல் வயலில் கால் வைக்காதே" என்கிறாள் என் மனைவி. எழுதிக் கேட்டால் அந்த மனிதர் முகம் சுளித்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_செப்பு

தம்பி, பயப்படாமல் இறங்குங்கோ. நான் பன்னிரண்டு வருசமாகக் கென்ட், எசெக்ஸ் பக்கம் தேடுகிறேன். ஒன்பது காணிகளில் அனுமதி இருக்கிறது, ஒன்றுக்கும் கடதாசி இல்லை. ஒரு காணிக்காரரோடு நேரில் கதைத்து, அவர் தலையாட்டினால் அது அனுமதிதான். சட்டமும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

முதல் நாளே ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? "இவன் என் வயலில் என்னவோ இருக்கிறதென்று தெரிந்துதான் வந்திருக்கிறான்" என்று நினைப்பார். எனக்கு அப்படி இரண்டு இடம் கைநழுவியது. அதற்குப் பிறகு கடதாசியோடு போவதை விட்டுவிட்டேன். நத்தாருக்கு ஒரு கேக், கிடைத்ததை எல்லாம் அன்றே அவருடைய மேசையில் பரப்பிக் காட்டுவது, படலையைச் சாத்திவிட்டு வருவது. இதுதான் என்னுடைய ஒப்பந்தம்.

மாலதி_ஹியர்ஃபோர்ட்

பழைய_செப்பு அண்ணா, நீங்கள் சொல்கிற மரியாதை எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இளங்கோவுக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு பெரியவரின் பண்ணையில் நாலு வருஷம் தேடினேன். சமையலறையில் டீ குடித்துக்கொண்டே, "என்ன கிடைத்தாலும் உனக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று சொன்னார். பலமுறை சொன்னார். நாலாவது வருஷம் ஒரு தங்கக் காசு கிடைத்தது. ஒற்றைக் காசு. கொண்டுபோய் அவர் கையில்தான் கொடுத்தேன். விற்பதற்குள் அவர் இறந்துவிட்டார். மகன் வந்தார். "அப்பா அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. அந்தப் பண்ணை வாசலில் நான் அப்புறம் போய் நிற்கவே இல்லை. காசு போனதைவிட அதுதான் எனக்கு வலி.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. 1996-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். பொருள் 300 வருஷமாவது பழையதாக இருந்து, அதில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் அது புதையல். 14 நாளுக்குள் கரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்க விரும்பினால் ஒரு குழு விலை மதிப்பிடும், வழக்கமாகக் கண்டெடுத்தவருக்குப் பாதி, நில உரிமையாளருக்குப் பாதி. ஆனால் காசுகள் என்றால் ஒரே இடத்தில் குறைந்தது இரண்டு கிடைக்க வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாக அதில் வராது. அதற்குக் குழுவும் இல்லை, பாதிக்குப் பாதியும் இல்லை. மண்ணுக்குள் இருந்தது மண்ணுக்குச் சொந்தக்காரருடையது. நீங்கள் பேசிவைத்தது மட்டுமே உங்களுக்கு மிச்சம்.

ஒற்றைக் காசுதானே என்று நினைக்க வேண்டாம். 2021-இல் டெவனில் ஒருவருக்கு மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்துத் தங்கப் பென்னி ஒன்று கிடைத்தது. 2022 ஜனவரியில் ஏலம் போனது, 540,000 பவுண்டுக்கு. கமிஷனோடு சேர்த்து 648,000. அப்படி ஒன்று உங்கள் கையில் வந்து, வேலியோரப் பேச்சு மட்டும் ஆதாரமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பழைய_செப்பு

தங்கச்சி, உங்களுக்கு நடந்தது கவலைதான். ஆனால் அது சாவு செய்த பிழை, வாக்கு செய்த பிழை இல்லை.

ஹொக்ஸ்ன் ஊர்ப் புதையலை நினைத்துப் பாருங்கோ. இளங்கோ தம்பி இருக்கிற அதே சஃபோக்தான். 1992 நவம்பரில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த சிநேகிதரைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். கிடைத்தது ரோமர் காலத்துத் தங்கமும் வெள்ளியும், கிட்டத்தட்ட 15,000 காசு. சிநேகிதர் மேலும் தோண்டாமல் அறிவித்தார். அகழ்வாராய்ச்சிக்காரர் வந்து மண்ணோடு முறையாக எடுத்தார்கள். பரிசு 17.5 லட்சம் பவுண்ட். அந்தக் காலத்துச் சட்டப்படி அது முழுவதும் கண்டெடுத்தவருக்குத்தான். அப்படியிருந்தும் அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன கடதாசி இருந்தது? சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

மாலதி_ஹியர்ஃபோர்ட்

அண்ணா, ஹொக்ஸ்ன் கதையில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்த நிலம் விவசாயியுடையது இல்லை. சஃபோக் கவுன்ட்டி கவுன்சிலுடையது. அவர் குத்தகைக்காரர். இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்ததால் நன்றாக முடிந்தது. இன்றைய சட்டத்தில் அதே புதையல் கிடைத்தால் பாதி நிலத்துக்காரரான கவுன்சிலுக்குப் போகும், குத்தகைக்காரர் தன் பங்குக்குத் தனியாகப் பேச வேண்டியிருக்கும்.

நல்ல மனிதர்களாக இருந்தும் வழக்கு வரை போனதுண்டு. கேலோவே புதையல், 2014, ஸ்காட்லாந்து. வைக்கிங் காலத்து வெள்ளி. கிடைத்தது ஸ்காட்லாந்து திருச்சபை நிலத்தில். அங்கே சட்டம் வேறு, பரிசு கண்டெடுத்தவருக்கே. ஏறத்தாழ 20 லட்சம் பவுண்ட். பிறகு திருச்சபையின் அறங்காவலர்கள் பங்கு கேட்டு அவர்மீது வழக்குப் போட்டார்கள். கண்டெடுத்த அன்று பாதிரியார்களும் உடன் நின்றிருந்தார்கள். அன்றைக்கு அங்கே யாருக்கும் யார்மீதும் கோபம் இல்லை.

இளங்கோ, உங்களிடம் ஒரே கேள்வி. வேலியோரம் உங்களிடம் பேசியவர் நிலத்தின் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா?

இளங்கோ_இப்ஸ்விச்

அக்கா, அதை நான் கேட்கவே இல்லை. டிராக்டரில் வந்தார், அவர்தான் உழுகிறார். அதனால் அவருடையது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலன்_நார்ஃபோக்

நான் டிடெக்டர் பிடிப்பவன் இல்லை. ஒரு பண்ணையில் மேற்பார்வை வேலை. வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டிராக்டரில் வருகிறவர் நிலத்துக்காரர் என்று இந்த ஊரில் நினைக்கவே கூடாது. இந்தப் பக்கம் ஒரே பண்ணைக்குள் மூன்று சொந்தக்காரர்கள் இருப்பது சாதாரணம். சில வயல் அவருடையது, சிலது ஒரு குடும்ப டிரஸ்ட்டுடையது, சிலது வருஷக் குத்தகை. நம் ஊரில் பட்டா யார் பேரில் என்று பார்ப்பதுபோல இங்கேயும் நிலப்பதிவேட்டில் சில பவுண்ட் கட்டிப் பார்க்கலாம். எல்லா நிலமும் அதில் ஏறியிருக்காது, அதனால் நேரில் கேட்பதுதான் சுலபம். இரண்டு பேரிடமும் அனுமதி வேண்டும். நிலத்துக்காரர் சரி என்று சொன்னாலும் பயிர் வைத்திருப்பவர் வேறு ஆளாக இருந்தால் அவரையும் கேட்டாக வேண்டும்.

அப்புறம், காகிதத்தைப் பார்த்தால் விவசாயி ஓடிவிடுவார் என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்களுக்கு வருஷம் முழுக்கக் காகிதம்தான். மானியம், பூச்சிமருந்துப் பதிவு, ஆட்டுக்கு நகர்வுச் சீட்டு. பயப்படுவது வேறு விஷயங்களுக்கு. குழியை மூடாமல் போனால் ஆட்டுக்குக் கால் உடையும். கதவு திறந்திருந்தால் மந்தை ரோட்டில் நிற்கும். மானிய ஒப்பந்தத்தில் இருக்கிற புல்வெளியில் தெரிந்த தொல்லியல் இடத்தைக் கிளறிவிட்டால் எங்கள் பணத்துக்கே சிக்கல். ராத்திரியில் டார்ச்சோடு வருகிற திருட்டுக் கூட்டம் வேறு இருக்கிறது. அனுமதி வாங்கினவர் யார், வாங்காதவர் யார் என்று இருட்டில் எங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த வயல், எந்த மாதம், எந்தக் கார் நம்பர் என்று ஒரு தாளில் இருந்தால் எனக்கு நிம்மதி.

எங்களிடம் வருகிறவர்களில் காப்பீடு உள்ள டிடெக்டர் சங்க உறுப்பினர் அட்டையை முதலில் காட்டுகிறவருக்குத்தான் நாங்கள் சட்டென்று சரி சொல்கிறோம்.

பழைய_செப்பு

வேலன் சொல்வதில் வயல் எது, மாதம் எது என்று குறித்துவைப்பது எனக்கும் சரியென்றே படுகிறது. குத்தகை விசயமும் சரி, நான் முதல் பதிலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் பங்குக் கணக்கை முதல் நாளே எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அதுவரைக்கும் காசைப் பற்றி யோசிக்காத மனிசனை நீங்கள்தான் யோசிக்க வைக்கிறீர்கள். நான் தேடுவது விற்பதற்கு இல்லை. பொத்தான், ஈயக்குண்டு, தேய்ந்த செப்புக்காசு. தொண்ணூற்றொன்பது வீதம் இதுதான் கிடைக்கும். இதற்கு எதற்கு ஒப்பந்தம்?

மாலதி_ஹியர்ஃபோர்ட்

மீதி ஒரு வீதத்துக்காகத்தான் அண்ணா. பொத்தான் கிடைத்தால் யாரும் சண்டை போடப் போவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸுக்கான பொறுப்பான தேடல் நெறிமுறையிலும் இதைத்தான் சொல்கிறார்கள்: அனுமதியும், கிடைப்பது யாருக்கு என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருப்பது நல்லது.

காசைப் பற்றி யோசிக்காத மனிதர் என்கிறீர்கள். ஆனால் பொருள் அவருடையது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஃபார்ன்ஹம் பூங்கா வழக்கு தெரியுமா? அது ஒரு பொதுப் பூங்கா, மக்கள் போய்வர அனுமதி உள்ள இடம். டிடெக்டரோடு போனவருக்கு ஒன்பது அங்குல ஆழத்தில் இடைக்காலத் தங்க ஊசிப்பதக்கம் கிடைத்தது. கீழ் நீதிமன்றம் அவருக்கே என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் அதை மாற்றிவிட்டது. மண்ணுக்குள் புதைந்த பொருள் நிலத்துக்காரருக்கு, பூங்காவில் உலாவ அனுமதி என்பது தோண்ட அனுமதி ஆகாது என்று தீர்ப்பு. தன் உரிமை என்ன என்று தெரிந்து ஒருவர் பாதியை விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் தலையாட்டுவது வேறு. எழுதும்போது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. அதைத்தான் நான் நியாயம் என்கிறேன்.

சுதா_கேம்பிரிட்ஜ்

இருவரும் பங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஓர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர். தேய்ந்த செப்புக்காசு என்று பழைய_செப்பு ஐயா ஒதுக்குகிற அதுதான் எங்களுக்கு வேண்டியது. எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு வந்தால், அங்கே சந்தை இருந்ததா, பாதை போனதா என்று வரைபடத்தில் தெரியவரும். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்துக்கு ஒவ்வொரு பகுதியிலும் ஓர் அதிகாரி இருக்கிறார். புதையல் இல்லாத பொருளையும் அவரிடம் காட்டலாம், செலவு இல்லை. அனுமதித் தாளில் "கிடைத்ததைப் பதிவுசெய்யச் சம்மதம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சில விவசாயிகள் இடம் வெளியே தெரிந்துவிடும் என்று தயங்குவார்கள். சரியான புள்ளியைப் பொதுமக்களுக்குக் காட்ட மாட்டார்கள் என்று சொல்லிவையுங்கள்.

இளங்கோ, இன்னொன்று. அந்தப் பண்ணையில் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் இருக்கிறதா என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற தொல்லியல் பாதுகாப்பு அமைப்பின் இணைய வரைபடத்தில் பாருங்கள். இருந்தால், 1979-ஆம் வருஷச் சட்டப்படி அவர்கள் அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். நிலத்துக்காரர் கையெழுத்தும் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

பழைய_செப்பு

சுதா பிள்ளை, ஒதுக்கவில்லை. நான் எல்லாவற்றையும் பதிகிறேன், எட்டு வருசமாக. சொன்ன விதம் பிழையாகிவிட்டது.

இளங்கோ_இப்ஸ்விச்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை மறுபடி போனேன். வேலன் சொன்னது சரிதான். அவர் உழுகிற ஆறு வயலில் இரண்டுதான் அவருடையது. மூன்று ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், ஏஜென்ட் மூலம் குத்தகை. ஆறாவதில் ஒரு மேடு இருக்கிறது, வரைபடத்தில் பார்த்தேன், பாதுகாக்கப்பட்ட இடம். நான் முதலில் இறங்க நினைத்தது அதில்தான். நினைத்தாலே வியர்க்கிறது.

ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வயலின் பெயர்கள், விதைப்பு வரை, குழி மூடுவேன், எல்லாவற்றையும் காட்டுவேன், பதிவுசெய்வேன், விற்றால் பாதிக்குப் பாதி. அவர் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பாதி உனக்கு என்று எழுதியிருக்கிறாய், அது ஏன்?" என்று மட்டும் கேட்டார். ஃபார்ன்ஹம் வழக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, இருவருமே கையெழுத்துப் போட்டார்கள்.

பழைய_செப்பு

ஏன் என்று கேட்டாரல்லோ. அந்த இடத்தில் வேறு ஒருவர் என்றால் வேண்டாம் என்றிருப்பார். என் காணிக்காரர்களிடம் நான் இப்போது போய் எழுதிக் கேட்கப் போவதில்லை. புது இடம் என்றால் வயலையும் மாதத்தையும் எழுதுவேன், பங்கை எழுத மாட்டேன்.

மாலதி_ஹியர்ஃபோர்ட்

இளங்கோ, மனைவியும் கையெழுத்துப் போட்டது பெரிய விஷயம். எனக்கு இல்லாமல் போனது அதுதான். தாளை இரண்டு படியாக எடுத்து ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். ஏஜென்ட்டுக்கு எழுதிப் பதில் வரும் வரை அந்த மூன்று வயல் பக்கம் போக வேண்டாம்.

இளங்கோ_இப்ஸ்விச்

படி கொடுத்துவிட்டேன் அக்கா. ஏஜென்ட்டுக்கு நேற்றுக் கடிதம் போட்டேன். அதுவரை இரண்டு வயல்தான். நாளைக்கு மழை இல்லை என்கிறார்கள், காலையில் இறங்குகிறேன்.