பொதுமுடக்கத்தால் உயிரிழப்பு குறைந்தது என்று எழுதினால் ஏன் தவறு?

செவிலி_தாமரை:
ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் கல்விசார் பிரிவுக்குத் தயாராகிறேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய அதன் எழுதும் பகுதியில் 6.5 மதிப்பெண் வேண்டும். அந்தப் பகுதியின் முதல் கேள்விக்குப் பயிற்சியாக, 2018 முதல் 2022 வரை இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள், அவற்றில் இறந்தவர்கள் பற்றிய அட்டவணையைக் கொடுத்தார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட எண்கள். 2019-ல் 1,58,984 பேர் இறந்திருக்கிறார்கள். 2020-ல் 1,38,383 பேர். ‘கொரோனா பொதுமுடக்கத்தில் வண்டிகள் ஓடாததால் உயிரிழப்பு குறைந்தது’ என்று எழுதினேன். பயிற்சி ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘அட்டவணையில் இல்லாததை எழுதக் கூடாது’ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். நான் விபத்துப் பிரிவில் வேலை பார்க்கிறவள். 2020 ஏப்ரலில் எங்கள் வார்டில் கட்டில்கள் வரிசையாகக் காலியாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். ஊரறிந்த உண்மையை எழுதினால் அது எப்படித் தவறாகும்?

கரும்பலகை:
சகோதரி, உங்கள் ஆசிரியர் செய்தது சரி. கேள்வித்தாளில் இருப்பது என்ன? முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடுத்துத் தெரிவியுங்கள், பொருத்தமான இடத்தில் ஒப்பிடுங்கள். அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை. 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். அதற்குள் முழுப் படத்தையும் ஓரிரு வாக்கியங்களில் தொகுத்துச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொகுப்பு தெளிவாக இல்லாவிட்டால் அந்தப் பகுதியின் மதிப்பெண் ஐந்தைத் தாண்டுவதே கடினம். காரணமும் கருத்தும் எழுத இரண்டாம் கேள்வி இருக்கிறது. 40 நிமிடம், 250 சொற்கள், மதிப்பெண்ணில் இரண்டு மடங்கு எடை. அங்கே எழுதுங்கள்.

வைகைக்கரையான்:
விதி இருக்கிறது என்பதாலேயே அது நியாயமாகிவிடாது, ஐயா. சாலை விபத்தில் செத்தவர்களின் கணக்கு இது. கோதுமை ஏற்றுமதியை விவரிக்கிற அதே வாய்பாட்டில் இதையும் விவரிக்கச் சொல்கிறார்கள். ‘கணிசமாகச் சரிந்தது, மீண்டும் ஏறியது’ என்று மட்டும் எழுதினால், 2020-ல் நம் சாலைகள் திடீரெனப் பாதுகாப்பாகிவிட்டன என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்? எந்தச் செய்தியாளரும் பொதுமுடக்கத்தைக் குறிப்பிடாமல் இந்த எண்ணை அச்சில் ஏற்றமாட்டார். தாமரை எழுதிய வரி அந்த அறிக்கையிலேயே நேர்மையான வரி. அதை அடித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

எண்ணும்_எழுத்தும்:
பொதுமுடக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த அட்டவணையின் முதல் வரியையும் கடைசி வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018-ல் 4,70,403 விபத்துகள், 1,57,593 உயிரிழப்பு. 2022-ல் 4,61,312 விபத்துகள், 1,68,491 உயிரிழப்பு. விபத்து ஒன்பதாயிரம் குறைந்திருக்கிறது, செத்தவர்கள் ஏறக்குறைய பதினோராயிரம் பேர் கூடியிருக்கிறார்கள்! இந்த அட்டவணையில் நெஞ்சை உலுக்குகிற செய்தி இதுதான். 2020-ன் சரிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்த கதை. அதற்கு ஒரு வாக்கியத்தைச் செலவிட்டால் இதற்கு இடம் இருக்காது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவராதே என்கிற கட்டுப்பாட்டுக்குப் பயன் இருக்கிறது. எண்களையே திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கிறது.

செவிலி_தாமரை:
அந்த ஒப்பீடு கனமானது, மறுக்கவில்லை. விபத்தில் வருகிறவர்களின் காயங்கள் முன்பைவிட மோசமாக இருக்கின்றன என்று எங்கள் பிரிவிலும் பேசிக்கொள்வோம். ஆனால் 2020-ஐ மற்ற ஆண்டுகளைப் போல எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

கரும்பலகை:
மற்ற ஆண்டுகளைப் போல எழுத வேண்டாமே. ‘ஐந்து ஆண்டுகளில் 2020 மட்டும் தனித்து நிற்கிறது, விபத்தும் உயிரிழப்பும் அந்த ஆண்டில்தான் மிகக் குறைவு, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இரண்டும் ஏறின’ என்று எழுதுங்கள். விதியும் மீறப்படவில்லை, ஆண்டின் தனித்தன்மையும் மறையவில்லை.

வைகைக்கரையான்:
தனித்து நிற்கிறது என்று சொல்லிவிட்டு ஏன் என்று சொல்லாமல் விடுவது அரைகுறை. படிக்கிறவர் ஊகிக்கட்டும் என்றால், அந்த ஊகம் தப்பாகப் போனால் யார் பொறுப்பு?

எண்ணும்_எழுத்தும்:
ஊகம் தப்பாகப் போகும் என்பதற்காகத்தான் இந்த விதியை ஆதரிக்கிறேன். அதே அமைச்சகத்தின் 2022 மாநிலக் கணக்கைப் பாருங்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசம் முதலிடம், 22,595. நம் மாநிலத்தில் 17,884. உத்தரப் பிரதேசத்தில் மொத்த விபத்தே சுமார் 41,700தான். இதைத் தேர்வில் கொடுத்தால் ஒருவர் ‘தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் அசட்டையானவர்கள்’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘உத்தரப் பிரதேசத்தில் ஆம்புலன்ஸ் வசதி இல்லை’ என்பார். இரண்டுக்கும் அட்டவணையில் ஆதாரம் கிடையாது. கை சிராய்த்த விபத்து காவல் நிலையம் வரை வந்து பதிவாவது இடத்துக்கு இடம் மாறலாம். சாவை அப்படி எளிதில் விட்டுவிட முடியாது. எண்ணிக்கை வித்தியாசத்தில் பதிவின் பங்கு எவ்வளவு, சாலையின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. எனக்கு ஊர்ப்பெருமை உண்டு. ஆனாலும் அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன்.

வைகைக்கரையான்:
இப்போது பதிவு முறையைச் சொல்லித்தானே எனக்குப் புரியவைத்தீர்கள்? அந்த விளக்கம் இல்லாமல் வெறும் எண்ணைப் படித்தவர் நம் மாநிலத்தை மோசமான இடம் என்று முடிவு கட்டியிருப்பார். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். தவறான காரணம் ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, உறுதியாகத் தெரிந்த காரணத்தையும் சேர்த்து அடிப்பது பயந்தாங்கொள்ளித்தனம்.

எண்ணும்_எழுத்தும்:
எது உறுதியான காரணம், எது ஊகம் என்று விடை திருத்துபவர் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அவர் கையில் அந்த ஒரு அட்டவணைதான் இருக்கிறது. எந்த நாட்டு எண்ணைக் கொடுத்தாலும் எல்லோரையும் ஒரே அளவில் எடைபோட வேண்டியவர் அவர். 2020 விஷயத்தில் தாமரையின் காரணம் சரி. அந்தச் சலுகையை அவருக்குக் கொடுத்தால், காரணம் தெரிந்ததாக நம்புகிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.

செவிலி_தாமரை:
தேர்வில் கரும்பலகை ஐயா சொன்னபடி எழுதுகிறேன். மதிப்பெண்ணைப் பணயம் வைக்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் வைகைக்கரையான் சொல்வதுதான் என் மனத்துக்கு நியாயமாகப் படுகிறது. ஒரு சந்தேகம். 2018-ல் நூறு விபத்துக்குச் சுமார் 34 பேரும் 2022-ல் சுமார் 37 பேரும் இறந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த விகிதம் அட்டவணையில் அச்சாகவில்லை. இதையாவது எழுதலாமா, இதையும் அடிப்பார்களா?

கரும்பலகை:
தாராளமாக எழுதலாம். அட்டவணையின் எண்களிலிருந்தே கிடைத்தது, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. தேர்வு அறையில் வகுத்துக்கொண்டு நிற்காதீர்கள், நேரம் போய்விடும். ‘விபத்து குறைந்தும் உயிரிழப்பு கூடியது’ என்பதைத் தொகுப்பு வாக்கியமாக மேலே வையுங்கள். 2018, 2022 எண்களை அடுத்த பத்தியில் கொடுங்கள். 2020 அதற்குப் பிறகு வரட்டும்.