மேப்பிள் கேண்டி: பெயருக்கு முன்னால் வினைக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

மேப்பிள் மரத்திலிருந்து வடியும் நீரைக் காய்ச்சினால் கிடைக்கும் பாகை, மறுபடி காய்ச்சிக் கிண்டி அச்சில் இறுகவிட்டுச் செய்யும் இனிப்புதான் மேப்பிள் கேண்டி. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு 'மேப்பிள் மிட்டாய்', 'மேப்பிள் கற்கண்டு' என்று இரண்டு சொற்கள் இங்கே வந்திருக்கின்றன. கனடாவின் ஒன்ராறியோவில் என் வீட்டு அடுப்பில் ஏழெட்டு முறை இதைக் காய்ச்சிப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட, பாகு கட்டியாகும் அந்த நிமிடத்தில் நடப்பதற்கே நம்மிடம் கலைச்சொல் இல்லை. முதலில் அதைப் பேசுவோம்.

செய்முறை சின்னதுதான். கடையில் கிடைக்கும் மேப்பிள் பாகு மட்டும் போதும், வேறு சர்க்கரை வேண்டாம். (இலங்கைத் தமிழர்கள் இதைப் பாணி என்பார்கள். அதுவும் நல்ல சொல்.) மரத்திலிருந்து வடியும் நீரில் சுமார் 2 சதவீதம்தான் சர்க்கரை. ஏறத்தாழ 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. அதை வாங்கிவந்து 113 டிகிரி செல்சியஸ் வரை மறுபடி காய்ச்ச வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலில் உருட்ட வரும் பதம் அது. பால் போலப் பொங்கும், ஆழமான பாத்திரமாக இருக்கட்டும். துளி வெண்ணெய் போட்டால் நுரை அடங்கிவிடும்.

அப்புறம் அடுப்பை அணைத்து, கரண்டியே படாமல் 80 டிகிரி வரை ஆறவிட வேண்டும். ஆறியதும் மரக்கரண்டியால் விடாமல் கிண்ட வேண்டும். சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது. திடீரென்று பளபளப்பு போய்விடும். கரும்பழுப்பாக இருந்தது பால் கலந்த டீயின் நிறத்துக்கு வெளுக்கும். கரண்டி கனக்கும். அந்தச் சமயத்தில் அச்சில் ஊற்றிவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே இறுகிவிடும்.

இந்த வெளுப்புக்குக் காரணம், பாகுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சர்க்கரைப் படிகங்கள் ஒரே நேரத்தில் உருவாவதுதான். ஆங்கிலத்தில் இதைக் கிரெய்னிங் என்கிறார்கள், தானியமணியை வைத்து வந்த சொல். நாம் 'படிகமாதல்' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கற்கண்டு விளைவதும் படிகமாதல்தான். அங்கே நூலைக் கட்டி, அசைக்காமல், நாள்கணக்கில் விட்டுவைத்தால் பெரிய பெரிய படிகங்கள் வளரும். இங்கே கிண்டிக் கிண்டி நாக்கில் நெருடாத பொடி மணிகளை வரவழைக்கிறோம். நேர் எதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே சொல் போதாது.

என் பரிந்துரை: மணிபிடித்தல். நெல் மணிபிடிக்கிறது என்று வயலில் சொல்வதுதான். பாலாக இருந்தது திரண்டு மணியாகும் அந்தப் பருவத்துக்கும் இந்தப் பாத்திரத்தில் நடப்பதற்கும் சொல் அப்படியே பொருந்துகிறது. 'பூத்தல்' என்பதையும் யோசித்தேன். சர்க்கரை பூத்த பாதுஷா என்கிறோமே. ஆனால் அதைப் பெயர்ச்சொல்லாக்கினால் 'பூப்பு' என்று வேறு பொருளுக்குப் போய்விடுகிறது.

மணிபிடித்தல் என்று வைத்துக்கொண்டால் மற்றவற்றை எளிதாக எழுதிவிடலாம். சூடாக இருக்கும்போதே கிண்டினால் பெருமணியாகப் பிடிக்கும். முதல் முறை நான் பொறுமையில்லாமல் கிண்டி, கட்டி மணல் மணலாக வந்தது அதனால்தான். மரத்தில் நீர் வடியும் பருவத்தின் கடைசியில் எடுக்கும் கரிய பாகு சரியாக மணிபிடிக்காது. அதில் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்திருக்கும், அவை படிகம் சேரவிடாமல் தடுக்கும். ஜாமூன் பாகில் எலுமிச்சை பிழிவதும் அதே கணக்குதான். அதனால் இதற்கு வெளிர்நிறப் பாகே நல்லது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறக்குறைய அதே பதத்துப் பாகைச் சுத்தமான பனியின்மேல் கம்பிபோல ஊற்றி, குச்சியில் சுருட்டித் தின்பார்கள். சட்டென்று குளிர்ந்துவிடுவதால் மணிபிடிக்க நேரமில்லை, சவ்வாக இழுபடும். அதற்கு வேண்டுமானால் மேப்பிள் சவ்வுமிட்டாய் எனலாம். மணிபிடித்து அச்சில் இறுகியதற்கு மேப்பிள்கட்டி என்பேன், பனங்கட்டி போல. ஐரோப்பியர் வருமுன்பே வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் இந்தப் பாகைச் சர்க்கரையாகக் கிண்டி, பிர்ச் மரப்பட்டைப் பெட்டிகளில் வருடம் முழுக்க வைத்திருந்தார்கள். பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றும் நம் வழக்கத்துக்கு அது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! மிட்டாய் என்றால் அந்த உறவு தெரியாமல் போகும்.

கருப்பட்டி காய்ச்சும் ஊர்க்காரர்கள் இங்கே இருந்தால் ஒரு வேண்டுகோள். கொப்பரையில் பாகு மங்கி இறுகத் தொடங்கும்போது துடுப்பு பிடித்தவர் என்ன சொல்வார்? அதற்கென்று ஒரு சொல் இருந்தால் எழுதுங்கள். மணிபிடித்தலை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.