வால்-த-கிராஸ்: கன்னியர் மடம் எப்படி ராணுவ மருத்துவமனை ஆனது?

நாடோடி:
பாரிஸில் உள்ள வால்-த-கிராஸ் முதலில் பெனடிக்ட் சபைக் கன்னியர் மடமாம். ஆனால் எங்கே பார்த்தாலும் ராணுவ மருத்துவமனை என்றே போட்டிருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

பழங்கணக்கு:
பியேவ்ர் பள்ளத்தாக்கில் இருந்த கன்னியரை 1621-ல் பாரிசுக்குக் கூட்டி வந்தவர், 13-ம் லூயியின் மனைவி ஆன் ராணி. பக்தி மட்டும் காரணமில்லை, அரண்மனைக் கண்களிலிருந்து தப்ப அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அப்போது பிரான்ஸோடு போரில் இருந்த ஸ்பெயினில் உள்ள சொந்தங்களுக்கு அவர் ரகசியமாகக் கடிதம் எழுதியது 1637-ல் வெளியே வந்ததும், மடத்தையே சோதனை போட்டார்கள்! அடுத்த வருடமே, கல்யாணமாகி 23 வருடம் கழித்து, 14-ம் லூயி பிறந்தார். அந்த நன்றிக்கடன்தான் இன்று நிற்கும் தேவாலயம். 1645-ல் அடிக்கல் நாட்டியது அந்தப் பையனே, வயது ஆறு.

நாடோடி:
சரி, மருத்துவமனை?

கல்லும்சுண்ணாம்பும்:
பிரெஞ்சுப் புரட்சி. கன்னியரை வெளியேற்றிவிட்டு 1793-ல் ராணுவ மருத்துவமனை ஆக்கினார்கள். கட்டடம் பிழைத்ததற்கே அதுதான் காரணம் என்பேன், அந்தச் சமயத்தில் எத்தனையோ மடங்களை இடித்துக் கல்லை விற்றார்கள். இறந்த அரச குடும்பத்தாரின் உடலிலிருந்து எடுத்து அங்கே வைத்திருந்த இதயங்கள் மட்டும் தப்பவில்லை (ஆமாம், நிஜ இதயங்கள், ஆன் ராணியுடையது உட்பட).

பழங்கணக்கு:
கட்டட வேலையும் லேசில் முடியவில்லை. கட்டடக் கலைஞர் மான்சார் வரைபடம் போட்டு ஆரம்பித்தார், அடுத்த வருடமே அவரை நீக்கிவிட்டு லெமெர்சியே என்ற இன்னொரு கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார்கள். குவிமாடத்தின் உட்புறத்தில் ஓவியர் மிஞார் வரைந்த ஓவியத்தைத் தேடிப் பாருங்கள், ஆன் ராணியும் அதில் இருக்கிறார்.